எலும்புக்கு ஊசி போடுறதுக்கு முன்னாடி பல் டாக்டரைப் பாருங்க

[திரையில்: முதுகெலும்பு ஸ்கேன் படம், ரெண்டு இடத்துல நிழல்]

நுரையீரல் புற்றுநோய் முற்றின நிலையில இருக்கிறவங்கள்ல, பத்துப் பேருக்கு மூணு நாலு பேர்னு சொல்ற அளவுக்கு அது எலும்புக்கும் பரவுது. முதுகெலும்பு, விலா, இடுப்பு, தொடை. அப்ப டாக்டர் மாசம் ஒரு ஊசி எழுதுவார். "இது கட்டியைக் கரைக்குமா டாக்டர்?"னு வீட்ல உள்ளவங்க கேட்பாங்க. கரைக்காது. அந்த வேலையை கீமோவோ, டார்கெட்டட் மாத்திரையோ, இம்யூனோதெரபியோ பார்க்கும். இந்த ஊசி எலும்பு முறியாம காக்கறதுக்கு.

[திரையில்: எலும்பை அரிக்கும் செல், அனிமேஷன்]

நம்ம எலும்புல அரிக்கிற செல்லும் கட்டுற செல்லும் ஓயாம வேலை செய்யுது. அரிக்கிறதுக்குப் பேர் ஆஸ்டியோகிளாஸ்ட். புற்றுநோய் செல் அதைத்தான் ஏவி விடுது. எலும்பு கரையக் கரைய உள்ளே இருக்கிற வளர்ச்சிப் பொருளெல்லாம் வெளிய வந்து, புற்றுநோய்க்கே தீனியாகுது. இந்தச் சுழலை மருந்து நடுவுல வெட்டுது.

இதுக்கு ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு ஸோலெட்ரானிக் ஆசிட். 4 மில்லிகிராம், 15 நிமிஷத்துக்குக் குறையாம டிரிப்ல ஏறும். முதல் தடவை போட்டதும் ஒண்ணு ரெண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி வரலாம், பயப்படாதீங்க. சிறுநீரகம் பலவீனமா இருந்தா அளவைக் குறைப்பாங்க, ரொம்ப மோசமா இருந்தா தவிர்ப்பாங்க. அதனாலதான் ஒவ்வொரு ஊசிக்கு முன்னாடியும் க்ரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை, பார்க்கிறது.

இன்னொண்ணு டெனோசுமாப். 120 மில்லிகிராம், 4 வாரத்துக்கு ஒரு தடவை, தோலுக்கு அடியில. சிறுநீரகத்தைக் கெடுக்காது, ஆனா ரத்தத்துல கால்சியம் இறங்கலாம். விரல் மரத்துப் போறது, தசை இழுக்கிறதுன்னு தெரியும். கால்சியமும் விட்டமின் டியும் டாக்டர் சொன்னபடி விடாம எடுங்க. இந்த ஊசியை நீங்களா நிறுத்தவும் வேண்டாம். அடக்கி வச்ச எலும்பு அரிப்பு ஒரேயடியாத் திரும்பி, முதுகெலும்பு நொறுங்கின ஆளுங்க உண்டு.

[திரையில்: தாடை எலும்பு]

இப்ப பல். ரெண்டு மருந்துலயும் நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்குத் தாடை எலும்பு செத்துப் போகலாம். பல் பிடுங்கின குழி ஆறாம, எலும்பு வெளிய தெரியும். அதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், சாப்பிடறதே தண்டனையாயிடும். அதனால பிடுங்க வேண்டிய பல்லை முதல்ல பிடுங்கி, புண் ஆறின பிறகு ஊசியை ஆரம்பிக்கணும். நடுவுல பல் வலிச்சா, என்ன ஊசி போட்டுக்கிறீங்கன்னு பல் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

வலிக்கு இந்த ஊசியை மட்டும் நம்பி இருக்காதீங்க. வலி மருந்து தனியா வேணும், வலிக்கிற இடத்துக்கு ரேடியேஷனும் நல்லாக் கேட்கும், சில பேருக்கு ஒரே தடவை போதும்.

[திரையில்: தண்டுவடம் நசுங்கும் படம்]

முதுகு வலியோட கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் அடைச்சுக்கிட்டாலோ, தண்டுவடம் நசுங்குதான்னு சந்தேகப்படணும். அடுத்த ஊசி தேதி வரைக்கும் பொறுக்காம, அந்த நிமிஷமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க.