வெட்டிய மரம் ஏரியிலேயே கிடக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையைச் சுற்றி ஏரி சீரமைப்பு என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஜேசிபி இறங்கும். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கும். தரையை ஒரே மட்டமாக வாரும். கரையை உயர்த்தி நடைபாதை போடுவார்கள். மழைக்குப் பிறகு தண்ணீர் நிறைந்து, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீருக்குள் மீன்குஞ்சு ஒதுங்க ஓரிடம் இருக்காது. நீர்க்காகக் கூட்டம் ஒன்று வந்து முங்கினால் போதும், குஞ்சுகளில் பெரும்பகுதி போய்விடும். பிடுங்கிய மரமோ விறகுக்கும் கரிக்கும் லாரி ஏறிவிடுகிறது. அதில் ஒரு சிறு பங்கை ஏரிக்குள்ளேயே போட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

தண்ணீரில் கிடக்கும் மரத்தின் மேல் சில வாரங்களில் பாசி படரும். பாசியைத் தேடிப் பூச்சிப்புழுக்கள் வரும், புழுக்களைத் தேடிக் குஞ்சுகள் வரும். விரால் துரத்தினால் குஞ்சு நுழைந்துகொள்ளக் கிளை இடுக்கு இருக்கிறது. அதனால் வெறும் அடிமரம் போட்டுப் பயனில்லை. விரல் பருமன் உள்ள சிறு கிளைகள்தான் முக்கியம். அவற்றைக் கழித்துவிட்டு மொட்டை மரத்தைப் போடுவது வீண் வேலை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லிட்டில் ராக் என்றொரு ஏரி. நடுவே திரை கட்டி அதை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். 2002இல் ஒரு பாதியிலிருந்து மட்டும் கரையோரம் மூழ்கிக் கிடந்த மரங்களில் முக்கால் பங்குக்கு மேல் அப்புறப்படுத்தினார்கள். அந்தப் பாதியில் பெர்ச் என்ற மீன் ஏறக்குறைய இல்லாமலே போனது. அதைத் தின்று வாழ்ந்த பாஸ் மீனின் வளர்ச்சியும் குறைந்தது. மரத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அந்த மாநிலத்தில் இப்போது தன்னார்வலர்கள் குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் முழு மரங்களைப் பனிக்கட்டி மேல் இழுத்துவந்து, அடுக்கி, கம்பிக் கயிற்றால் கரையோடு பிணைத்துவிடுகிறார்கள். பனி உருகும்போது மரம் தானாகத் தண்ணீரில் இறங்கும். வேறு சில இடங்களில் கரையோரத்து மரத்தையே அடியில் முக்கால்வாசி அறுத்து, கட்டையிலிருந்து முழுதும் விடுபடாமல் ஏரிக்குள் சாய்க்கிறார்கள். இந்த இரண்டாவது முறை நமக்கு வேண்டவே வேண்டாம். நம் ஏரிக்கரை மண்ணால் ஆன அணை. கரைமேல் நிற்கும் மரத்தை வெட்டினால் சில ஆண்டுகளில் வேர் மக்கி, மண்ணுக்குள் குழாய் போலத் துளை விழும். கசிவு அங்கேதான் தொடங்கும். பனையைத் தொடும் பேச்சுக்கே இடமில்லை. மழைக்காலத்தில் நீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் கொக்குக்கும் நாரைக்கும் கூடு கட்டும் இடம், அவை நிற்கட்டும். எடுக்க வேண்டியது சீமைக்கருவேலம் மட்டும். அதை அகற்றுவது எப்படியும் அரசின் கொள்கைதான்.

அவர்களுக்குப் பனி என்றால் நமக்குக் கோடை. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஏரிப்படுகை காய்ந்து கிடக்கும்போது டிராக்டரே உள்ளே போகும், படகு தேவையில்லை. இடம் தேர்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். அமெரிக்க ஏரியில் கரையோரம் ஓரளவு நிலையானது. நம் ஏரியில் நீர் விளிம்பு மார்கழியில் ஓரிடம், சித்திரையில் அரை கிலோமீட்டர் தள்ளி. கரையோரம் போட்ட மரம் மாசியிலேயே வெயிலில் காயும். ஆகவே முன்பு மண் எடுத்த பள்ளங்களில், கோடையிலும் நாலடித் தண்ணீர் தங்கும் இடங்களின் சரிவில் போட வேண்டும். மதகு, உபரிநீர் வழியும் கலங்கல், நீர் வரும் கால்வாய் ஆகியவற்றிலிருந்து நூறு மீட்டராவது விலகியிருக்க வேண்டும்.

மரத்தை வெட்டியவுடன் போடக் கூடாது. பச்சை இலை தண்ணீரில் அழுகும்போது ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். நான்கு வாரம் வெயிலில் கிடந்தால் இலை உதிர்ந்துவிடும். காய்களைக் கட்டாயம் பறித்துவிட வேண்டும். விதை மிதந்துபோய் மறு கரையில் முளைத்தால், செய்த வேலையெல்லாம் வீண். முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும். தடித்த அடியுள்ள பூட்ஸ் இல்லாத ஆளை உள்ளே விடாதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பாரம். காய்ந்த மரம் மிதக்கும். 200 கிலோ மரம், நீரின் அடர்த்தியில் பத்தில் எட்டுப் பங்கு என்று வைத்துக்கொண்டால், அது இடம்பெயர்க்கும் நீர் 250 லிட்டர். அதாவது 50 கிலோ விசையோடு மேலே எழும்பப் பார்க்கும். கான்கிரீட் தண்ணீருக்குள் தன் எடையில் 58 சதவீத அளவுக்குத்தான் கீழே அழுத்தும். எனவே 50 கிலோவை அடக்க 86 கிலோ கான்கிரீட் வேண்டும். வெள்ள வேகத்துக்காக அதை இரட்டிப்பாக்குங்கள். 30 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டி சுமார் 65 கிலோ, ஆக மூன்று கட்டி. வார்க்கும்போதே கம்பி வளையம் பதித்துவிடுங்கள். மணல் மூட்டை வேண்டாம், சாக்கு ஓராண்டில் கிழியும். நைலான் கயிறும் வேண்டாம். கால்வனைஸ் செய்த 6 மில்லிமீட்டர் ஒயர் ரோப், முடிச்சுக்கு மூன்று கிளாம்ப். கிளாம்பின் சேணம், அதாவது கயிறு பதியும் அடிக்கட்டை, பாரம் தாங்கும் கயிற்றின் மேல் வர வேண்டும், யூ போல்ட் வெட்டு முனையின் மேல். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் கயிறே நசுங்கி வலுவிழக்கும். மூன்று முதல் ஐந்து மரங்களை, மர உச்சி ஆழமான பக்கத்தை நோக்கி இருக்கும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கட்டுங்கள். கட்டுப்படாத ஒரே ஒரு மரம் மிதந்துபோய்க் கலங்கலில் குறுக்கே நின்று, ஆகாயத்தாமரை அதில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை, 2015 டிசம்பரைப் பார்த்த ஊருக்கு விளக்க வேண்டியதில்லை.

மீன்பிடி குத்தகைக்காரரிடம் பேசாமல் ஒரு கிளையும் இறக்கக் கூடாது. இழுவலை சிக்கினால் அவருக்கு ஆயிரக்கணக்கில் நஷ்டம், மறுவாரமே மரத்தை வெட்டி எறிவார், அதில் நியாயமும் உண்டு. எங்கே வலை இழுக்கிறார் என்று கேட்டு அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் மூங்கில் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். நீர்வளத் துறை, மீன்வளத் துறை, மாவட்டப் பசுமைக் குழு மூன்றிடமும் எழுத்தில் அனுமதி வேண்டும். புழல், செம்பரம்பாக்கம் போன்ற குடிநீர் ஏரிகள் தன்னார்வலர் கை வைக்கும் இடமல்ல.

சாக்கடை கலக்கும் ஏரியில் இதைச் செய்யாதீர்கள். விடியற்காலையில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், மரத்துக்குச் செலவிடும் பணத்தைச் சாக்கடையைத் திருப்புவதற்குச் செலவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து பெருகிய ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நிறைந்த ஏரியில் கிளை இடுக்கு அவற்றுக்கும் பயன்படும். அவற்றை வலை போட்டு எடுக்கும் ஏற்பாடு கூடவே நடக்க வேண்டும்.

முதல் ஆண்டு இரண்டே அடுக்கு போதும். அடுத்த கோடையில் நீர் வடிந்ததும் கிளாம்ப்களை முறுக்கிப் பாருங்கள், துருப்பிடித்ததை மாற்றுங்கள், மண் மூடிய அடுக்கைச் சரிவில் சற்று மேலே நகர்த்துங்கள். அதன் பிறகு மூன்றாவது அடுக்கைப் பற்றி யோசிக்கலாம். வணக்கம்.