வருது, போகுது: இரண்டாம் மொழியும் நம் வகுப்பறையும்

(பாளையங்கோட்டையில் ஆங்கில ஆசிரியர்கள் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பேசவிட்டிருக்கிறார்கள். அதனால் சாப்பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வண்ணாரப்பேட்டையில் நான் வழக்கமாகப் போகிற புரோட்டா கடையில் ஒரு பீகார்த் தம்பி சப்ளை பார்க்கிறார். வந்து ஆறு வருடம் ஆகிறது. புரோட்டாவைப் பிய்த்து இலையில் போட்டுவிட்டு, "அண்ணாச்சி, சால்னா ஊத்தட்டா?" என்று கேட்பார் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மேலப்பாளையத்துக்காரர் என்றே நினைப்பீர்கள். ஆனால் முதலாளி எங்கே என்று கேட்டால், "முதலாளி நேத்து வருது, நாளைக்கு வருது" என்பார். அவர் ஊருக்குப் போவதும் 'போகுது', நான் வீட்டுக்குப் போவதும் 'போகுது', செங்கோட்டை பஸ் போவதும் 'போகுது'.

இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. 'நேத்து' என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார், நமக்கு விஷயம் விளங்கிவிடுகிறது. வினைச்சொல்லின் வால் எப்படி இருந்தால் என்ன? இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதலாளியே அவரிடம், "ஏல, நேத்து மைதா வருதா?" என்றுதான் கேட்கிறார்! திருத்த வேண்டியவர் அந்தத் தமிழுக்கே குடிபோய்விட்டார்.

இதே மாதிரி ஓர் ஆளை ஹவாயில் ஒருவர் பார்த்திருக்கிறார். ரிச்சர்ட் ஷ்மிட் என்ற மொழியியலாளர், அங்கே குடியேறிய ஒரு ஜப்பானிய ஓவியரைச் சுமார் மூன்று வருடம் கவனித்து 1983-இல் எழுதினார். வகுப்பில் உட்கார்ந்து படிக்காமல் பழகிப் பழகியே ஆங்கிலம் பிடித்த மனிதர் அவர். நண்பர்கள், வியாபாரம் எல்லாம் ஆங்கிலத்தில். பேச்சில் ஆளை மயக்கிவிடுவார். ஆனால் இலக்கணம் மட்டும் வைத்த இடத்திலேயே நின்றது. பிறகு ஷ்மிட் பிரேசிலுக்குப் போய்த் தானே போர்த்துகீசியம் கற்றார். வகுப்புக்கும் போனார், தெருவிலும் பேசினார், நாட்குறிப்பும் எழுதினார். திருப்பிப் பார்த்தால், நாள் முழுக்கக் காதில் விழுந்தவற்றில் எதை 'அட, இப்படியா சொல்கிறார்கள்!' என்று கவனித்தாரோ, பெரும்பாலும் அதுதான் அவர் வாயிலும் வந்திருந்தது. கவனத்தில் படாதது தங்காது என்று 1990-இல் அதை ஒரு கருத்தாகவே வைத்தார்.

வகுப்பறைக்கு இருக்கிற முதல் வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். காதில் விழுந்தும் கேட்காமல் போவதைக் கேட்கவைப்பது. நம் மண்ணில் தமிழ் கற்ற வெள்ளைக்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கால்டுவெல் 1838-இல் சென்னையில் இறங்கினார், 1841-இல் இடையன்குடிக்கு வந்தார். சாயர்புரத்தில் போப். இவர்களைச் சுற்றிக் காலையிலிருந்து இரவு வரை தமிழ்தானே? அது போதும் என்று இவர்கள் இருக்கவில்லை. போப் ராமானுஜக் கவிராயரிடம் பாடம் கேட்டார். அப்புறம், தமிழ் படிக்க வருகிற ஐரோப்பியருக்கென்றே ஒரு கையேடும் எழுதினார். கால்டுவெல் 1856-இல் ஒப்பிலக்கணமே போட்டுவிட்டார். புரோட்டா கடைத் தம்பிக்கு அப்படி ஒரு கவிராயர் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நம் பிள்ளைகளின் கதை இதற்கு நேர் எதிர். தம்பிக்குத் தெரு இருக்கிறது, வகுப்பு இல்லை. நம் பிள்ளைக்கு வகுப்பு இருக்கிறது, தெரு இல்லை. முக்கூடலில் யார் ஆங்கிலம் பேசுகிறார்கள்? ஆகவே நம் வகுப்பே தெருவாகவும் இருக்கவேண்டியிருக்கிறது. பெங்களூரிலும் சென்னையிலும் 1979-லிருந்து 1984 வரை மொழி கற்பித்தல் ஆய்வாளர் என்.எஸ். பிரபு நடத்திய திட்டத்தின் அடிப்படை இதுதான். இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் இவற்றைக் கொடுத்து ஆங்கிலத்தில் கணக்குப் போல விடை தேடவைத்தார். நானும் செய்துபார்த்திருக்கிறேன். ஜங்ஷனிலிருந்து திருச்செந்தூர் போகிற வண்டிகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, 'கல்யாணம் 9 மணிக்கு, எந்த வண்டியைப் பிடிப்பாய்?' என்று கேட்டால், வாயே திறக்காத பையன்கூட ஆங்கிலத்தில் சண்டைக்கு வருவான். பிரபு இலக்கணத்தை அடியோடு விட்டதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

ஏனென்றால் கனடாவில் இதற்கு ஒரு பெரிய சோதனை நடந்திருக்கிறது. 1965-இல் மான்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சிலேயே நடத்தத் தொடங்கினார்கள். அந்த முறையில் படித்த பிள்ளைகள் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் பிழைகள் பல வருடம் கழித்தும் போகவில்லை. கேட்டால் மட்டும் போதாது, பிள்ளை தானே சொல்லித் தடுக்கி விழவேண்டும் என்று 1985-இல் மொழியியலாளர் மெரில் ஸ்வெயின் எழுதியது இவர்களைப் பார்த்துத்தான். இதே போன்ற வகுப்புகளில் ராய் லைஸ்டரும் லெய்லா ரான்டாவும் ஆசிரியர் எப்படித் திருத்துகிறார் என்று எண்ணி 1997-இல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட தடவை, பிள்ளை சொன்ன தப்பை ஆசிரியர் சரியாக்கித் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போயிருக்கிறார். பிள்ளைகளிடம் மிகக் குறைவாக ஒட்டியதும் அந்த வழிதான்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை, பம்பாயில் அப்பா வேலை பார்க்கிறவள். "சார், யெஸ்டர்டே மை ஃபாதர் கோ டு பாம்பே" என்றாள். நான் பெரிய மனதோடு, "ஓ, யுவர் ஃபாதர் வென்ட் டு பாம்பே?" என்றேன். அவள், "எஸ் சார், கோ" என்றாள். அவளுக்கு நான் திருத்தியதாகவே தோன்றவில்லை. சார் அப்பாவை விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்!

அடுத்த முறை வேறு மாதிரி செய்தேன். "யெஸ்டர்டே... கோ?" என்று பாதியில் நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன். அவள் சடையைப் பிடித்து இழுத்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பக்கத்துப் பிள்ளை சொல்ல வந்ததைக் கையால் தடுத்தாள். அப்புறம் ஒரு கத்தல்: "வென்ட்!" அந்தச் சொல் அவளுக்குள் முன்பே கிடந்திருக்கிறது. நான்தான் காத்திருக்காமல் எடுத்துக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு எச்சரிக்கை. எதையும் எப்போது வேண்டுமானாலும் கற்றுக்கொடுக்க முடியாது. மொழியில் ஒரு படி ஏறினால்தான் அடுத்த படி. ஜெர்மன் கற்ற இத்தாலியப் பிள்ளைகளுக்கு மான்ஃபிரெட் பீனமன் ஒரு வாக்கிய அமைப்பைச் சொல்லிக்கொடுத்து 1984-இல் எழுதினார். அதற்கு முந்தின படியில் நின்ற பிள்ளை உடனே பிடித்துக்கொண்டது. இரண்டு படி கீழே நின்ற பிள்ளைக்கு ஏறவே இல்லை. நம் பாடத்திட்டம் எல்லாரையும் ஒரே படியில் நிறுத்திவைத்திருக்கிறது. அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் கூட்டம் முடியாது.

முறையாகச் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டா என்று 49 ஆய்வுகளைச் சேர்த்து நாரிஸும் ஒர்டேகாவும் 2000-இல் கணக்குப் பார்த்தார்கள். உண்டு, விதியைக் காட்டிச் சொல்லித்தந்தால் இன்னும் அதிகம் என்று வந்தது. பலவற்றில் அளந்தது பரீட்சை மாதிரியான கேள்விகளால் என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பத் தெரிந்த பிள்ளை கோவில் வாசலில் ஒரு வெளியூர்க்காரருக்கு வழி சொல்லுமா என்பது வேறு கேள்வி.

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த டீச்சர் ஒருவர் காலையில் என்னிடம் கேட்டார்: "நாப்பது பிள்ளைய, நாப்பத்தஞ்சு நிமிஷம். ஒவ்வொண்ணுகிட்டயும் எப்படி சார் நிறுத்தி நிறுத்திக் கேக்க?" முடியாதும்மா. வாரத்துக்கு ஒரு தப்பை மட்டும் பிடியுங்கள். இந்த வாரம் இறந்தகாலம் என்றால் இறந்தகாலம் மட்டும். மற்றதெல்லாம் காதில் விழாத மாதிரி இருங்கள். வாத்தியார் வேலையிலேயே கஷ்டமான காரியம் அதுதான்.

போன மாதம் கடைத் தம்பியிடம் இதைச் செய்துபார்த்தேன். "முதலாளி நேத்து வருது" என்றார். "நேத்து... வருது?" என்றேன். சால்னா வாளியோடு அப்படியே நின்றார். அடுத்த மேஜைக்காரர் கூப்பிட்டார், போய்விட்டார். நான்கு நாள் கழித்து மறுபடி போனேன். கல்லாவில் ஆள் இல்லை. "முதலாளி எங்க தம்பி?" என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"முதலாளி நேத்து மதுரை போச்சு அண்ணாச்சி" என்றார்.