80 கிலோ எஞ்சினை ஒத்த ஆளா ஃபிரேமுக்குள்ள ஏத்துறது எப்படி? ஹோண்டா சிபி750

வணக்கம் மக்களே. இன்னிக்கு வேலை கோலாலம்பூர்ல ஒரு தெரஸ் வீட்டு கார் போர்ச்லதான். இங்க தரையில இருக்கிறது ஹோண்டா சிபி750 ஃபோர் எஞ்சின். 1969-ல அறிமுகமான மாடல், 736 சிசி, நாலு சிலிண்டர். எண்ணெய் மொத்தமும் வடிச்ச பிறகும் 80 கிலோவுக்குப் பக்கம் வரும்.

இந்த வண்டியில எஞ்சினை இறக்காம பெரிய வேலை எதுவும் நடக்காது. ஹெட் கவரைக் கழட்டணும்னாலே ஃபிரேமோட மேல் குழாய் இடிக்கும். வால்வ் சீல் மாத்தணுமா, ஹெட் கேஸ்கெட் மாத்தணுமா, எஞ்சின் வெளிய வந்தாகணும். வேலை முடிஞ்சா திரும்ப உள்ள போகணும். இறக்குறது எல்லாரும் எப்படியோ செஞ்சிடுறாங்க. ஏத்தும்போதுதான் இடுப்பு பிடிச்சுக்குது, புதுசா அடிச்ச பெயிண்ட் போகுது, சிலிண்டர் ஃபின் (சூடு ஆத்துற மெல்லிசு தகடு) உடையுது.

டோஷ் (மலேசியாவோட வேலையிடப் பாதுகாப்பு இலாகா) 2017-ல வெளியிட்ட வழிகாட்டியில, ஒரு ஆம்பளை உடம்போட ஒட்டி, இடுப்பு உயரத்துல தூக்குறதுக்கு 25 கிலோதான் போட்டிருக்காங்க. இது அதைவிட மூணு மடங்கு. அதுவும் குனிஞ்சு, கையை நீட்டிப் பிடிக்கிற மாதிரி உருவம். அதனால எஞ்சினைத் தூக்குற நினைப்பையே விட்டுருங்க. எஞ்சின் தரையில படுத்திருக்கட்டும். ஃபிரேமைக் கொண்டுவந்து அது மேல இறக்குவோம். ஃபோர்க், டயர், டேங்க் எதுவும் இல்லாத வெறும் ஃபிரேமை யாரும் தனியாத் தூக்கலாம்.

முதல்ல எஞ்சினைத் தயார் பண்ணுவோம். இது டிரை சம்ப். எண்ணெய் டேங்க் தனி, எஞ்சினுக்கு அடியில சம்ப் தனி, ரெண்டுலயும் தனித்தனி வடிகால் போல்ட் இருக்கு. டேங்கை மட்டும் வடிச்சிட்டுப் படுக்க வச்சா, மிச்ச எண்ணெய் பிரீதர் (எஞ்சின் காத்து வெளிய போற ஓட்டை) வழியா போர்ச் டைல்ஸ் முழுக்க ஓடும். டைல்ஸ்ல எண்ணெய் இருந்தா இன்னிக்கு வேலையைத் தொடாதீங்க, முழுசா கழுவிக் காய வச்சிட்டு வாங்க.

கார்பரேட்டர் வாய் நாலு, எக்ஸாஸ்ட் வாய் நாலு, எட்டையும் துணி வச்சு அடைங்க. துணி கண்ணுக்குத் தெரியிற நிறமா, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும், அப்பதான் மறக்காது. ஸ்டார்ட்டர் கால், கியர் கால் ரெண்டையும் கழட்டுங்க. முன்னால துருத்திக்கிட்டு இருக்கிற எண்ணெய் ஃபில்டர் ஹவுசிங்கும் ஒரே போல்ட்தான், கழட்டிருங்க. அது இல்லாட்டி முன் குழாய்க்கு நல்லா இடம் கிடைக்கும்.

இப்ப எந்தப் பக்கம் படுக்க வைக்கிறது? இந்த ஹோண்டாவுல எஞ்சின் வலது பக்கமா உள்ள போய், வலது பக்கமா வெளிய வரும். அதனால வலது பக்கம் தரையைப் பார்க்கணும். ஆனா வலது பக்கத்துலதான் பாயின்ட்ஸ் (ஸ்பார்க் நேரத்தைக் கொடுக்கிற சுவிட்ச்) மூடி இருக்கு, பாருங்க, இந்த வட்ட மூடி. எடை இது மேல உக்காந்தா உள்ள இருக்கிற தட்டு வளைஞ்சிடும். ரெண்டுக்கு நாலு இன்ச் மரக்கட்டை ரெண்டு எடுத்து, கிராங்க்கேஸோட (எஞ்சினோட கீழ் கூடு) கெட்டியான ஓரம் கட்டையில உக்கார்ற மாதிரி வைங்க. மூடிக்கும் தரைக்கும் நடுவுல விரல் நுழையிற இடைவெளி இருக்கணும். நிறைய பேர் கார் டயர் மேல படுக்க வைப்பாங்க. இறக்குறப்ப அது வசதிதான். ஏத்துறப்ப டயர் அகலம் ஃபிரேமோட கீழ்க்குழாயைத் தடுக்கும், அதனால கட்டைதான்.

படுக்க வைக்கும்போதும் தூக்க வேணாம். ஒரு ஓரத்துக்கு அடியில பழைய அரிசிச் சாக்கு மடிச்சு வச்சு, மெதுவா சாயுங்க. ஃபின்னைப் பிடிக்காதீங்க. எக்ஸாஸ்ட் ஸ்டட், கார்ப் ரப்பர், எதையும் பிடிக்காதீங்க. கிராங்க்கேஸோட மவுண்டிங் காது, அதாவது ஃபிரேம் போல்ட் போற ஓட்டை இருக்கிற இடம், அதுதான் கைப்பிடி.

அடுத்து ஃபிரேம். ஏர்கான் காப்பர் பைப்புக்குச் சுத்துற கருப்பு ஃபோம் எந்த ஹார்ட்வேர் கடையிலயும் கிடைக்கும். நீளவாக்குல கீறி, கீழ்க்குழாய் ரெண்டு, முன் குழாய் ரெண்டு, மேல் குழாய், எல்லாத்துக்கும் மாட்டி மாஸ்கிங் டேப் சுத்துங்க. துணி சுத்தினா நழுவும், ஃபோம் நழுவாது.

பவுடர் கோட்டிங் போட்ட ஃபிரேமா இருந்தா இன்னும் ஒண்ணு கவனிக்கணும். மவுண்டிங் ஓட்டைக்குள்ள, மவுண்டிங் முகத்துல எல்லாம் அந்தப் பூச்சு தடிமனா ஏறியிருக்கும். ரெண்டு பக்கமும் சேர்ந்தா எஞ்சின் உள்ள இறுகி நிக்கும், போல்ட் நுழையாது. சரியான சைஸ் டிரில் பிட்டைக் கையாலயே சுத்தி ஓட்டையைச் சுத்தம் பண்ணுங்க. எர்த் வயர் வர்ற இடத்துல வெள்ளை இரும்பு தெரியிற வரைக்கும் சுரண்டுங்க. இல்லாட்டி எல்லாம் மாட்டி முடிச்சு செல்ஃப் அடிச்சா டக்குன்னு ஒரு சத்தத்தோட நிக்கும், அப்புறம் பேட்டரி மேல பழி போடுவீங்க.

எஞ்சின் நம்பர் இருக்கிற இடத்துல மட்டும் சாண்ட்பேப்பர், பிளாஸ்டிங் எதுவும் வேணாம். கெரான்ல (வண்டிப் பதிவுப் பத்திரம்) இருக்கிற நம்பரும் இதுவும் ஒண்ணா இருக்கணும். வேற எஞ்சின் போடுறதா இருந்தா புஸ்பாகோம் (வண்டி சோதனை மையம்) சோதனை, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு, அந்த வழியில போங்க.

சரி, இறக்குவோம். ஃபிரேமோட வலது பக்கம் கீழ. முன் குழாயைத்தான் முதல்ல எஞ்சின் தலைக்கு நேரா கொண்டுவரணும், பிறகு பின்பக்கத்தை மெதுவா விடுங்க. எங்கயாவது நின்னா அழுத்தாதீங்க. நின்ன இடத்துல ஏதோ இடிக்குது, குனிஞ்சு பாருங்க. அனேகமா கேபிள் கிளிப் இல்லாட்டி ஃபோம் மடிஞ்சிருக்கும்.

இப்ப போல்ட். கேமராவை இந்த ஓட்டைக்கு நேரா வைக்கிறேன், பாருங்க. பின்னால இருந்து டார்ச் அடிச்சா முழு வட்டமா வெளிச்சம் வரணும். இங்க கீழ் ஓரத்துல பிறை மாதிரி எஞ்சின் அலுமினியம் தெரியுது. அப்படின்னா எஞ்சின் ஓட்டை ஃபிரேம் ஓட்டையைவிட மேல நிக்குது, எஞ்சின் கீழ வரணும். பிறை மேல தெரிஞ்சா எஞ்சின் மேல போகணும். ஃபிரேம் படுத்திருக்கும்போது இந்த மேல், கீழ் ரெண்டும் பக்கவாட்டுல வரும், அவ்வளவுதான் வித்தியாசம். முனை கூம்பா இருக்கிற கம்பி, இல்லாட்டி நீளமான ஸ்க்ரூட்ரைவர் உள்ள விட்டு நெம்பி, வட்டம் முழுசானதும் போல்ட்டை விடுங்க. போல்ட் விரலால சுத்திக்கிட்டே போகணும். சுத்தியலை எடுத்தீங்கன்னா போல்ட் மரை, அலுமினியம் ஓட்டை ரெண்டுக்கும் கேடு.

பின்னால இருக்கிற நீளமான போல்ட் முதல்ல, பிறகு முன்னால, கடைசியா எஞ்சினை ஃபிரேமோட பிடிக்கிற பிளேட்டுங்க. எல்லா நட்டும் கையால மட்டும். ஒண்ணை இறுக்கிட்டா அடுத்த ஓட்டை நேருக்கு வராது. உள்ள விடுறதுக்கு முன்னால போல்ட் தண்டுல தண்ணி புகாத கிரீஸ் ஒரு பூச்சு. நம்ம ஊரு ஈரத்துக்கு, காய்ஞ்சு போன நீள போல்ட் நாலஞ்சு வருஷத்துல துருப்பிடிச்சு உள்ளேயே ஒட்டிக்கும். மரையில கிரீஸ் வேணாம், டார்க் (எவ்வளவு இறுக்கணும்ங்கிற அளவு) கணக்கு மாறிடும்.

நிமிர்த்துறதுலதான் ஆபத்து அதிகம். எஞ்சின், ஃபிரேம் சேர்த்து 100 கிலோ பக்கம். ஆனா கீழ்க்குழாய் தரையில ஊன்றி நிக்கிறதால பாதி எடைதான் கைக்கு வரும், நிமிர நிமிர அதுவும் குறையும். கடைசி 20 டிகிரியில எடையே தெரியாது, அப்பதான் மறுபக்கம் சாஞ்சு விழும். அதனால முதல்லயே மறுபக்கம் ரெண்டு கார் டயரை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வைங்க. இப்பதான் டயருக்கு வேலை. கீழ்க்குழாய் வழுக்காம இருக்க 12 மில்லி பிளைவுட் துண்டை சுவர்ல முட்டுற மாதிரி போடுங்க. போர்ச் தரை எப்பவும் லோங்காங் (சாக்கடை) பக்கம் சாய்வாத்தான் இருக்கும், சாய்வுக்கு எதிரா நிமிர்த்துங்க. ஒரு கை ஸ்டீயரிங் கழுத்துல, ஒரு கை சீட் குழாயில, முதுகு நேரா, காலால எழுந்திரிங்க. நிமிர்ந்ததும் கீழ்க்குழாய் ரெண்டுக்கும் அடியில கட்டை. எடை குழாயில நிக்கணும், சம்ப்ல நிக்கக்கூடாது.

ஃபோர்க், சக்கரம் எல்லாம் மாட்டியிருக்கிற வண்டின்னா இந்த முறை கஷ்டம். அதுக்கு ஜாக்தான். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரத்தை ராட்செட் பெல்ட்டால கீழ கட்டுங்க. எஞ்சின் இல்லாத வண்டியில எடை பின்பக்கம் போயிடும், கட்டாட்டி முன்பக்கம் தூக்கும். எஞ்சினை வலது பக்கம் பலகையில நேரா நிக்க வச்சு, ஒரு மூலையை ஜாக்கால ரெண்டு சென்டிமீட்டர் தூக்கு, கட்டை வை, அடுத்த மூலையைத் தூக்கு, கட்டை வை. ஹைட்ராலிக் ஜாக் கசிஞ்சாலும் ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல விழாது. குழாய் உயரத்துக்கு வந்ததும், குழாய் மேல பிளைவுட் போட்டு உள்ள நகர்த்துங்க. கை எப்பவும் பக்கத்துல, எஞ்சினுக்கும் குழாய்க்கும் நடுவுல விரல் போகவே கூடாது.

செயின் பிளாக் (எடை தூக்குற சங்கிலி கப்பி) வச்சிருக்கிறவங்களுக்கு. போர்ச் கூரையோட இரும்புச் சட்டம் மெல்லிசு, வெயில் மழைக்கு மறைப்பு, எடைக்கு இல்ல. தொட்டில் கட்டுற கொக்கியும் வேணாம். குழந்தைக்குப் போட்ட கொக்கி அது. மடக்கு கிரேன் வாடகைக்கு எடுத்தா, கையை நீட்ட நீட்ட தாங்குற எடை குறையும், கை மேலயே ஓட்டைக்கு ஓட்டை எழுதியிருக்கும், படிச்சிட்டுப் போடுங்க. ஸ்லிங் பெல்ட் ஊதா நிறம்னா 1 டன், தாராளம். ஃபின் ஓரம் பெல்ட்டை அறுக்கும், நடுவுல பழைய சைக்கிள் டியூப் கொடுங்க.

டிரையம்ஃப், பிஎஸ்ஏ வச்சிருக்கிற அண்ணன்மாருக்கு வேலை சுலபம். 1962 வரைக்கும் வந்த டிரையம்ஃப் 650-ல கியர்பாக்ஸ் தனி, எஞ்சின் தனி. ஹெட், பேரல், மேக்னெட்டோ, டைனமோ எல்லாம் கழட்டி வச்சிட்டு, கிராங்க்கேஸை மட்டும் ஏத்தி, மிச்சத்தை ஃபிரேமுக்குள்ளேயே பூட்டலாம். ஆனா அங்க மில்லிமீட்டர் ஸ்பேனர் கொண்டு போகாதீங்க. விட்வர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) ஸ்பேனர் செட் வாங்குங்க, நட்டு மூலை மழுங்காது.

திரும்ப ஹோண்டாவுக்கு. எல்லா போல்ட்டும் உள்ள வந்த பிறகு இறுக்குவோம். ஹோண்டாவோட பொது அட்டவணையில 8 மில்லி போல்ட்டுக்கு 22 நியூட்டன் மீட்டர், 10 மில்லிக்கு 35 பக்கம். உங்க மாடல் மேனுவல்ல வேற எண் இருந்தா அதுதான் சரி. முதல்ல பாதி அளவுக்கு எல்லாத்தையும், பிறகு முழு அளவு. பிளேட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இடைவெளி தெரிஞ்சா இறுக்கி மூடப் பார்க்காதீங்க, வாஷர் போட்டு நிரப்புங்க. இழுத்து இறுக்கின காது ஓட ஓட அதிர்வுல விரிசல் விடும்.

எட்டு வாயிலயும் வச்ச துணியை எண்ணி எடுங்க. எண்ணெய் மொத்தம் 3.5 லிட்டர். ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டி, கில் சுவிட்சை ஆஃப்ல வச்சு, சாவி மட்டும் ஆன் பண்ணி, எண்ணெய் விளக்கு அணையிற வரைக்கும் காலால உதைங்க. அணைஞ்ச பிறகுதான் பிளக் மாட்டணும். முதல் 50 கிலோமீட்டர் ஓடினதும், எஞ்சின் நல்லா ஆறின பிறகு, எல்லா மவுண்டிங் போல்ட்டையும் டார்க் ரென்ச் வச்சு ஒரு தடவை பாருங்க. பெயிண்ட் அமுங்கியிருக்கும், ஒண்ணு ரெண்டு கண்டிப்பா கால் சுத்து உள்ள போகும்.