வோலா: வரியில்லாமல் பிறந்த ஊர்கள்

அவையோருக்கு வணக்கம்.

போலந்தின் மசோவியா சமவெளியில் ஜெலாசோவா வோலா என்றொரு சின்னஞ்சிறு ஊர். பியானோ மேதை ஷோபின் 1810இல் பிறந்த ஊர் என்பதால் உலகுக்குத் தெரியும். நாம் இன்று இசையை ஒதுக்கிவிட்டு, ஊர்ப்பெயரின் பின்பாதியைப் பிடித்துக்கொள்வோம்.

போலிஷ் மொழியில் ‘வோலா’ என்றால் விருப்பம், சுதந்திரம். ஊர்ப்பெயரில் வரும்போது அதற்கு ஒரே பொருள்: வரிவிலக்கு. இடைக்காலத்தில் நிலப்பிரபுவிடம் காடு இருந்தது, கை இல்லை. குடியேற வருபவருக்கு இத்தனை ஆண்டு குத்தகையும் வேண்டாம், வரியும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். திருத்திய நிலமென்றால் சில ஆண்டுகள். அடர்காடு என்றால் 20 ஆண்டுகள்கூட. மரத்தை வீழ்த்துவது சுலபம்; வேர்க்கட்டைகளைப் பறிப்பதுதான் ஆயுளைத் தின்னும் வேலை. தவணை முடிந்ததும் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளில் குத்தகைப் பணம் கட்டவேண்டும். சலுகை போனது, பெயர் தங்கியது.

ஆளைத் திரட்டி வந்தவரே பெரும்பாலும் ‘சோவ்டிஸ்’, அதாவது ஊர்த்தலைவர் ஆனார். அவருக்கு வரியில்லா நிலம் கிடைத்தது. குத்தகையில் ஆறில் ஒரு பங்கும் அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கும் வழக்கமான வருமானம். பலருக்கு மாவு ஆலை, மதுக்கடை உரிமையும் உண்டு. பதிலுக்குப் போர் வந்தால் குதிரையேறிப் போகவேண்டும். இன்றும் போலந்துக் கிராமத் தலைவருக்கு அதே பெயர்தான்.

குடும்பத்துக்கு ஒரு ‘வான்’ நிலம். நம் காதுக்கு ஆகாயம்போல் ஒலிக்கிறது. அங்கே அது மண். பரவலாக வழங்கிய அளவில் ஏறத்தாழ 17 ஹெக்டேர், நம் கணக்கில் 42 ஏக்கர். ஒன்றில் கோதுமைக்கு உறவான ரை என்ற தானியம், ஒன்றில் ஓட்ஸ் அல்லது வாற்கோதுமை, ஒன்று தரிசு என மூன்று வயல்களாகச் சுழற்றினார்கள். துண்டுகள் நாடாபோல் நீளமாக இருப்பதற்குக் காரணம் ஏர்தான்: கனத்த ஏரை அடிக்கடி திருப்ப முடியாது. பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கும்போது நீளத்தைக் குறைக்காமல் அகலத்தைக் குறைத்தார்கள், நாடா நூலானது. கிராக்கோவ் அருகே சுலோஷோவாவில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளும் ஒரே தெருவையும், அதன் இருபுறமும் இந்த நாடாக்களையும் வானிலிருந்து எடுத்த படங்களில் பார்க்கலாம்.

இந்த ஏற்பாடு உடைந்த விதத்தையும் சொல்லவேண்டும். 1423இல் வார்தா சட்டம், ‘பயனற்ற’ சோவ்டிஸை விலக்கி அவர் நிலத்தை வாங்கிக்கொள்ளப் பிரபுக்களுக்கு வழிவிட்டது. பயனற்றவர் யார் என்று தீர்மானிப்பது யார்? சொல்லத் தேவையில்லை. 1496க்குப் பின் ஆண்டுக்கு ஓர் ஊரிலிருந்து ஓர் உழவர் மட்டுமே வெளியேறலாம் என்றானது. 1520இல் ஒரு வானுக்கு வாரம் ஒருநாள் கூலியில்லா உழைப்பு கட்டாயமானது. பிறகு அந்த நாட்கள் பெருகின. சுதந்திரம் என்ற பெயர்ப்பலகைக்குக் கீழேயே உழவர் கட்டுண்டார்.

பெயரைப் படிப்பதில் இரண்டு எச்சரிக்கைகள். ஆவணத்தில் ஓர் ஊர் முதன்முதலாக வரும் ஆண்டு, அது பிறந்த ஆண்டு அல்ல. தகராறோ தானமோ நேர்ந்தால்தான் எழுத்தர் பேனா எடுப்பார். அடுத்து, ‘ஜெலாசோ’ என்றால் இரும்பு என்பதற்காக அங்கே இரும்புச் சுரங்கம் தேடாதீர்கள். அது ஊரை வைத்திருந்த குடும்பத்தின் பெயர். தெற்கே சிலேசியாவில் இதே வரிவிலக்கு ஊருக்கு ‘லிகோட்டா’ என்று பெயர். ‘வுல்கா’ என்றால் குட்டி வோலா. வரைபடத்தில் கண்டால் பக்கத்திலேயே தாய்க் கிராமம் இருக்கிறதா என்று பாருங்கள்.