வலது ஓரக்கோட்டை விட்டு நகராத ஹெசூஸ் நவாஸ்

வணக்கம் நேயர்களே.

கால்பந்தில் யாரைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். மெஸ்ஸி, ரொனால்டோ பற்றியெல்லாம் வேண்டிய அளவு கேட்டிருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஸ்பெயினின் ஹெசூஸ் நவாஸை. வலது பக்க விங்கர், அதாவது ஓரமாக ஓடித் தாக்கும் ஆட்டக்காரர். 2024 டிசம்பரில், 39 வயதில் ஓய்வு பெற்றார். செவியா என்ற ஒரே கிளப்புக்கு மட்டும் 705 ஆட்டங்கள் ஆடியவர், அந்தக் கிளப்பின் வரலாற்றில் வேறு யாரும் அவ்வளவு ஆடியதில்லை. நாட்டுக்காக ஒரு உலகக் கோப்பையும் இரண்டு யூரோ கோப்பைகளும் வென்றார். இவ்வளவு இருந்தும், சிறந்த விங்கர்கள் என்று யாராவது பட்டியல் போட்டால் அவர் பெயர் சட்டென்று வருவதில்லை. எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

முதலில் அவர் செய்த வேலை என்ன என்று பார்த்துவிடலாம். இன்று நாம் பார்க்கும் விங்கர்களில் பெரும்பாலானவர்கள் தலைகீழாக ஆடுகிறவர்கள். இடது கால் பழக்கமுள்ளவர் வலது பக்கம் நிற்பார், பந்தை வாங்கி உள்ளே வெட்டிப் போய் கோலை நோக்கி அடிப்பார். பையர்ன் மியூனிக்கில் ஆர்யென் ராபன் ஆண்டுக்கணக்கில் செய்தது அதைத்தான். நவாஸ் பழைய முறைக்காரர். வலது கால், வலது பக்கம், பூட்ஸ் கிட்டத்தட்ட ஓரக்கோட்டின் மேலேயே இருக்கும். தடுப்பவரை வெளிப்பக்கமாகத் தாண்டி, கோல் கோடு வரை போய், அங்கிருந்து கிராஸ் போடுவது, அதாவது கோலுக்கு முன்னால் வரும் நம் ஆட்களுக்குப் பந்தை அனுப்புவது அவர் வேலை. வலது பக்கத்திலிருந்து வலது காலால் போடும் கிராஸுக்கு ஒரு குணம் உண்டு: பந்து கோல்கீப்பரை விட்டு விலகி வளைந்து, ஓடிவரும் நம் ஆளை நோக்கி வரும். கீப்பர் வெளியே வரலாமா, நின்ற இடத்திலேயே நிற்கலாமா என்று தடுமாறுவார், டிஃபென்டர்களோ தங்கள் சொந்த கோலைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருப்பார்கள். எப்படிச் செய்யப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் 20 ஆண்டுகள் அதைச் செய்துகொண்டே இருந்தார் பாருங்கள், அதுதான் என்னை அசர வைப்பது. வேகம் ஒரு காரணம், சரி. ஆனால் வேகமானவர்கள் எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். இவர் ஓட்டத்தை எங்கே நிறுத்துவது, எப்போது மறுபடி கிளம்புவது என்பதில்தான் தடுப்பவரை ஏமாற்றினார். நின்றுவிட்டார் என்று எதிராளி மூச்சு விடும் அந்த அரை நொடியில் பந்தைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

செவியா நகரத்துக்குத் தெற்கே லோஸ் பலாசியோஸ் என்று ஒரு ஊர். நவாஸ் பிறந்தது அங்கே, 1985 நவம்பரில். இன்று பிரபலமாக இருக்கும் ஃபாபியான் ரூயிஸ், காவி இரண்டு பேரும் அதே ஊர்க்காரர்கள்தான். செவியாவின் இளைஞர் அணிகளில் வளர்ந்து, 18 வயது ஆன சில நாட்களிலேயே, 2003 நவம்பரில், எஸ்பான்யோலுக்கு எதிராக முதல் அணியில் இறங்கினார். அப்போதைய பயிற்சியாளர் ஹோகின் கபர்ரோஸ்.

இங்கேதான் அவருடைய கதை மற்றவர்களின் கதையிலிருந்து பிரிகிறது. அவருக்கு வீட்டை விட்டுத் தள்ளிப் போனால் கடுமையான பதற்றம் வரும். வீட்டு ஞாபகம் என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிற விஷயமில்லை இது, உடம்பையே ஆட்டி வைக்கும் அளவுக்கு வரும். நீண்ட நாள் பயிற்சி முகாம்கள் அவரால் தாங்க முடியாதவையாக இருந்தன. ஸ்பெயினின் இளையோர் அணி முகாமிலிருந்து பாதியில் வீடு திரும்பியிருக்கிறார். செல்சி போன்ற கிளப் ஆர்வம் காட்டியபோதும் போக முடியவில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், 20 வயது, ஐரோப்பாவே திரும்பிப் பார்க்கும் திறமை, ஆனால் தேசிய அணிக்குக் கூப்பிட்டால் வர முடியாத நிலை. அந்தக் காலத்தில் விளையாட்டு வீரரின் மனநலம் பற்றி இன்றுபோல யாரும் வெளிப்படையாகப் பேசியதில்லை. கோழை, விளையாட்டுப் பிள்ளை என்று முத்திரை குத்த எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர் சிகிச்சை எடுத்துக்கொண்டார், மெல்ல மெல்லப் பழகினார். கிளப்பும் அவரைக் கைவிடவில்லை, விற்றுவிட்டுக் கையைக் கழுவவும் இல்லை. என் பார்வையில், செவியா வென்ற கோப்பைகளைவிட இந்தப் பொறுமைக்குத்தான் முதலில் கைதட்ட வேண்டும்.

அந்தப் பொறுமைக்கு ஆடுகளத்தில் கிடைத்த பலனும் கொஞ்சநஞ்சமல்ல. ஹுவாந்தே ராமோஸ் பயிற்சியாளராக இருந்த காலம், வலது பக்கத்தில் நவாஸ், அவருக்குப் பின்னால் பிரேசிலின் டானி ஆல்வெஸ். இந்த ஜோடியை நேரலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிரணியின் இடது பக்க டிஃபென்டருக்கு அது எப்படிப்பட்ட ராத்திரி என்று. நவாஸ் கோட்டை ஒட்டி அகலமாக நிற்பார், அவரைப் பிடிக்க அந்த டிஃபென்டர் வெளியே வந்தே ஆகவேண்டும், வந்தால் உள்ளே திறக்கும் இடைவெளியில் ஆல்வெஸ் பாய்வார், வராவிட்டால் நவாஸுக்கு ஓட இடம் கிடைக்கும். நடுவில் கனூட்டேவும் லூயிஸ் ஃபாபியானோவும் தலையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். 2006-ல் ஐந்தோவனில் மிடில்ஸ்ப்ரோவை 4-0 என்று வென்று யூஈஎஃப்ஏ கோப்பை, இன்று யூரோப்பா லீக் என்று அழைக்கப்படும் அதே ஐரோப்பிய கிளப் போட்டி. சில மாதங்கள் கழித்து ஐரோப்பிய சூப்பர் கோப்பையில் பார்சிலோனாவை 3-0 என்று வீழ்த்தினார்கள், அதுவும் ரொனால்டினோவும் மெஸ்ஸியும் இருந்த பார்சிலோனா. 2007-ல் கிளாஸ்கோவில் எஸ்பான்யோலைப் பெனால்டியில் வென்று மறுபடியும் அதே யூஈஎஃப்ஏ கோப்பை, அதே ஆண்டில் ஸ்பெயினின் அரசர் கோப்பையும்.

அப்புறம் வந்தது 2007 ஆகஸ்ட். லீக்கின் முதல் ஆட்டத்தில், ஹெடாஃபேக்கு எதிராக, அந்தோனியோ புவெர்த்தா மயங்கி விழுந்தார். மூன்று நாள் கழித்து மருத்துவமனையில் இறந்துபோனார், வயது 22. நவாஸோடு அதே கிளப்பின் இளைஞர் அணிகளில் வளர்ந்தவர், இடது பக்கம் ஆடுகிறவர். 2006-ல் ஷால்கேக்கு எதிரான அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் கோல் அடித்து, கிளப்பை முதல்முறையாக ஐரோப்பிய இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனதே அவருடைய இடது கால்தான். புவெர்த்தாவின் சட்டை எண் 16. பிற்காலத்தில் செவியாவுக்குத் திரும்பி வந்த நவாஸ் அந்த எண்ணைத்தான் வாங்கி அணிந்துகொண்டார், கடைசி ஆட்டம் வரைக்கும். இதைப் பற்றி நான் அதிகம் விளக்க விரும்பவில்லை.

2010 மே மாதம் பார்சிலோனாவின் கேம்ப் நோவில் அரசர் கோப்பை இறுதி. அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு எதிராக செவியா 2-0, கடைசி நேரத்தில் இரண்டாவது கோலை அடித்தவர் நவாஸ். அதற்குள் தேசிய அணிக்கும் வந்துவிட்டிருந்தார், 2009 நவம்பரில் பயிற்சியாளர் தெல் போஸ்கே அவரை முதல் ஆட்டத்தில் இறக்கினார். அந்த அரசர் கோப்பைக்குச் சில வாரங்கள் கழித்துத் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை இறுதியில், மாற்று ஆட்டக்காரராக வந்து, கூடுதல் நேரத்தில் தன் பாதியிலிருந்தே அவர் எடுத்து ஓடிய ஓட்டத்தில் தொடங்கிய தாக்குதல்தான் இனியெஸ்தாவின் கோலில் முடிந்தது. கிளப் ஆட்டங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன், இருந்தாலும் இதைச் சொல்லாமல் எப்படிப் போவது? அருகிலிருந்த முகாமுக்கே போக முடியாமல் தவித்த பையன், வீட்டிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு மாதம் தங்கி அதைச் செய்தார்.

2013-ல் மான்செஸ்டர் சிட்டி. செவியாவுக்கு அப்போது பணத் தட்டுப்பாடு, அதே கோடையில் அல்வாரோ நெக்ரேதோவையும் சிட்டிக்கே விற்றார்கள். நவாஸின் இங்கிலாந்து காலத்தைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளிகூட உடன்பாடு இல்லை. முதல் பருவத்திலேயே பிரீமியர் லீக் பட்டம், லீக் கோப்பை. டாட்டன்ஹாமை 6-0 என்று வென்ற ஆட்டத்தில், தொடங்கி 14 நொடியில் முதல் கோலை அடித்தது இவர். சண்டர்லேண்டுக்கு எதிரான லீக் கோப்பை இறுதியில் மூன்றாவது கோலும் இவருடையது. 2016-ல் மறுபடி அதே கோப்பை, லிவர்பூலுக்கு எதிரான பெனால்டிகளில் ஒன்றை இவரும் உள்ளே தள்ளினார். முதல் பருவத்துக்குப் பிறகு லீக்கில் கோல்கள் வறண்டுபோனது உண்மைதான். ஆனால் விங்கரை கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து அளக்கும் பழக்கம் ரொனால்டோ, மெஸ்ஸிக்குப் பிறகு வந்த பழக்கம், அந்த அளவுகோலால் நவாஸை அளந்தால் யாருக்குமே அவர் வேலை புரியாது. அவர் கோட்டோரம் நின்றதால்தான் டாவிட் சில்வாவுக்கும் அக்வேரோவுக்கும் நடுவில் இடம் திறந்தது.

அங்கே இருந்த நான்கு ஆண்டுகளின் கடைசியில் பயிற்சியாளர் கார்டியோலா அவரைச் சில ஆட்டங்களில் ரைட் பேக்காக, அதாவது வலது பக்க டிஃபென்டராக இறக்கினார். ஆள் பற்றாக்குறைக்காகச் செய்த ஏற்பாடு மாதிரிதான் அப்போது தெரிந்தது. ஆனால் நவாஸின் பிற்பாதி வாழ்க்கை முழுவதும் அதில்தான் இருந்தது. 30 வயதைத் தாண்டிய விங்கருக்கு முதலில் போவது அந்த முதல் மூன்று அடிகளின் வெடிப்பு வேகம். நின்ற இடத்திலிருந்து தடுப்பவரைத் தாண்டுவது ஒவ்வொரு பருவமும் கடினமாகிக்கொண்டே போகும். பல பேர் அப்போது உள்ளே நகர்ந்து நடுக்களத்துக்குப் போவார்கள், சிலர் சின்ன லீக்குகளுக்குப் போவார்கள். நவாஸ் பின்னால் போனார். கோடு அதே கோடு, தொடங்கும் இடம்தான் தள்ளிப்போனது. பின்னாலிருந்து ஓடி வரும்போது வேகம் ஏற்கெனவே ஏறியிருக்கும், பந்து கிடைக்கும்போது எதிரே இடமும் இருக்கும். தடுப்பாட்டத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது, அதையும் கற்றுக்கொண்டார், அத்தனை காலம் தடுப்பவர்களை ஏமாற்றியவருக்கு எதிரே வரும் விங்கர் என்ன நினைக்கிறார் என்று தெரியாமலா இருக்கும்.

2017-ல் ஒப்பந்தம் முடிந்ததும் செவியாவுக்கே திரும்பினார். பயிற்சியாளர்கள் மாறி மாறி வந்தார்கள், அந்த வலது ஓரம் மட்டும் அவருடையதாகவே இருந்தது. 2020 ஆகஸ்டில், கொரோனா காரணமாகப் பார்வையாளர்களே இல்லாத கொலோன் மைதானத்தில், பயிற்சியாளர் லோபெதெகியின் செவியா அணி மான்செஸ்டர் யுனைடெட்டை யூரோப்பா லீக் அரையிறுதியில் 2-1 என்று வென்றது. வெற்றி கோல் லூக் டி யாங், கிராஸ் நவாஸ். சில நாட்களில் இறுதிப் போட்டி, இன்டர் மிலான் முதலில் பெனால்டியில் முந்துகிறது, 12-வது நிமிடத்தில் மறுபடியும் நவாஸின் கிராஸ், மறுபடியும் டி யாங்கின் தலை. ஆட்டம் 3-2 என்று முடிந்தது, அணித் தலைவராகக் கோப்பையைத் தூக்கியவர் நவாஸ். 14 ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தோவனில் வென்ற அணியில் இருந்த அதே ஆள்!

2023 இன்னும் விசித்திரம். அந்தப் பருவம் லீக்கில் செவியா கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தது, மூன்று பயிற்சியாளர்கள் மாறினார்கள். மூன்றாவதாக வந்த மென்டிலிபார் அணியை நிமிர்த்தி, யூரோப்பா லீக் இறுதிக்கும் கொண்டுபோய்விட்டார். புடாபெஸ்டில் ரோமா முன்னிலையில் இருக்கிறது. 37 வயது நவாஸ் வலது பக்கத்திலிருந்து பந்தைத் தாழ்வாக உள்ளே அனுப்புகிறார், ரோமாவின் மான்சினி காலில் பட்டு அவர்கள் சொந்த கோலுக்குள் போகிறது. பெனால்டியில் செவியா வென்றது. நவாஸுக்கு அது இந்தக் கோப்பையில் நான்காவது.

இதற்கெல்லாம் அவர் உடம்பு கொடுத்த விலையும் சொல்லியாக வேண்டும். கடைசிச் சில ஆண்டுகள் இடுப்பு வலியோடுதான் ஆடினார். ஒரு ஆட்டம் ஆடினால் அடுத்த சில நாட்கள் நடப்பதே கஷ்டம் என்று அவரே சொன்னார். அந்த இடுப்போடுதான் 2024 யூரோ அரையிறுதியில் எம்பாப்பேவுக்கு எதிரே நின்றார், வயது 38. வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடுவதை வீரம் என்று கொண்டாட எனக்கு முழு மனசு வரவில்லை, ஆனாலும் அவர் எதற்காக அதைச் செய்தார் என்பது புரிகிறது.

2024 டிசம்பர் 14 அன்று சொந்த மைதானமான சான்செஸ் பிஸ்ஹுவானில் செல்டாவுக்கு எதிராகக் கடைசி உள்ளூர் ஆட்டம், 1-0 வெற்றி. 22-ஆம் தேதி மாட்ரிட்டில் ரியால் அணிக்கு எதிராக நிறைவு ஆட்டம், ஆட்டத்துக்கு முன் ரியால் வீரர்கள் இரண்டு வரிசையாக நின்று கைதட்டினார்கள். செவியா 4-2 என்று தோற்றது. கிளப்பின் பயிற்சி வளாகத்தில், இளைய வீரர்களைக் கொண்ட இரண்டாவது அணி ஆடும் மைதானத்துக்கு, அவர் ஆடிக்கொண்டிருந்தபோதே ஹெசூஸ் நவாஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நேரம் கிடைத்தால் அந்த 2020 இறுதிப் போட்டியின் 12-வது நிமிடத்தைத் தேடிப் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், கிராஸ் போடுவதற்கு முன்னால் நவாஸ் தலையைத் தூக்கிப் பார்க்கிறாரா, எப்போது பார்க்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். நன்றி, வணக்கம்.