வக்கற்றவர் வேலையா வாத்தியார் வேலை?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

இசைக் கலைஞரின் பெருமை நிலைப்பது மேடையிலா, வகுப்பறையிலா என்பது தலைப்பு. வகுப்பறையில்தான் என்று வாதாட வந்தேன். ஆனால் எதிரணி நண்பர் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "வக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, மேடையில் எடுபடாத பியானோக்காரர்தான் பாடம் நடத்தப் போவார்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். இதற்குப் பதில் சொல்லாமல் நான் நகரப் போவதில்லை.

யாரைச் சொல்கிறீர்கள், ஐயா? பாரி ஹாரிஸையா? ஜாஸ் என்னும் அமெரிக்க இசையில் பெயர்பெற்ற பியானோ கலைஞர். 1929-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். தேவாலயத்தில் பியானோ வாசித்த தாயிடம் நான்கு வயதில் கற்கத் தொடங்கியவர். 1960-இல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் குழுவில் சேர்ந்து நியூயார்க் போனவர். 1963-இல் டிரம்பெட் கலைஞர் லீ மார்கன் பதிவுசெய்த 'தி சைட்வைண்டர்' இசைத்தட்டு விற்றுத் தீர்ந்ததே, அதில் பியானோ வாசித்தவர் யார்? இதே ஹாரிஸ்! இவரா வக்கற்றவர்? இப்போது தட்டுங்கள் கையை!

நியூயார்க் போவதற்கு முன்பே டெட்ராய்ட்டில் அவர் வீடு பள்ளிக்கூடமாக இருந்தது. ஐம்பதுகளில் இசை கற்க வரும் பையன்கள் அங்கே எப்போதும் நிறைந்திருப்பார்கள். அவர்களில் ஒருவன் சார்லஸ் மெக்பெர்சன். சாக்ஸபோனே உலகம் என்று கிடந்தவன். ஒரு நாள் பள்ளி மதிப்பெண் அட்டையோடு வந்து நின்றான். ஹாரிஸ் அதை வாங்கிப் பார்த்தார். எல்லாப் பாடத்திலும் 'சி', நடுத்தர மதிப்பெண். தோற்கவில்லை, தேறிவிட்டான். அவையில் இருக்கும் அம்மாக்களைக் கேட்கிறேன், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டியிருப்பீர்கள். ஹாரிஸ் குரலை உயர்த்தவில்லை. நீ சராசரிதான் போலிருக்கிறதே என்று கேட்டார். பையனுக்கு அதில் குறை தெரியவில்லை, ஆமாம் என்றான். அப்போதுதான் சொன்னார்: சராசரியாக இருந்துகொண்டு இந்த இசையை வாசிக்க முடியாது, நீ கொண்டாடுகிற சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரிடம் சராசரியான ஒன்றுமே கிடையாது.

நடுவர் அவர்களே, இந்த இடத்தை நான் மறுபடியும் சொல்லியாக வேண்டும். அட்டையில் இருந்தவை பள்ளிப் பாடங்கள். பார்த்தவரோ பியானோ வாசிப்பவர். பையன் அவருக்கு மகனும் இல்லை, மருமகனும் இல்லை. யாரோ பெற்ற பிள்ளையின் மதிப்பெண் அட்டையை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு என்ன தலையெழுத்து? கைதட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவருக்கு அது தோன்றுமா? வாத்தியாருக்குத்தான் தோன்றும்! அன்றிலிருந்து பையன் புத்தகங்களை எடுத்தான், மதிப்பெண்ணும் ஏறியது. 1960-இல் புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் குழுவில் சாக்ஸபோனோடு நின்றான். மெக்பெர்சனே பேட்டிகளில் சொன்ன கதை இது.

ஹாரிஸ் சொல்லிக்கொடுத்த இசை இலக்கணத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ச ரி க ம ப த நி, நம் சங்கராபரணத்தின் ஏழு சுரங்கள். பஞ்சமத்துக்கும் தைவதத்துக்கும் நடுவே இன்னொரு சுரத்தைச் சேர்த்து எட்டாக்கினார். இப்போது ஒன்றுவிட்டு ஒன்றாக எடுங்கள். ச, க, ப, த சேர்ந்து ஒலித்தால் ஒரு கூட்டு. ரி, ம, புதிய சுரம், நி இன்னொரு கூட்டு. முதல் கூட்டில் மனம் அமர்கிறது, இரண்டாவதில் தவிக்கிறது. அமர்வும் தவிப்பும் படிக்குப் படி மாறி மாறி வருகின்றன. ஜாஸ் பியானோவின் அசைவையே இதிலிருந்து விரித்துக் காட்டினார் மனிதர்.

மேடையின் பக்கம் நின்று ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மங்க்கின் பெயரையும் நண்பர் சொன்னார். மகா கலைஞர், வணங்குகிறேன். நியூ ஜெர்சியில் ஜாஸ் கலைஞர்களை ஆதரித்த சீமாட்டி பன்னோனிகாவின் வீட்டில்தான் மங்க்கும் வாழ்ந்தார், ஹாரிஸும் வாழ்ந்தார். உலக மேடைகளை ஆண்ட மங்க் கடைசி ஆண்டுகளில் பியானோவை ஏறக்குறையத் தொடவே இல்லை. 1982-இல் மறைந்தார். அதே ஆண்டு ஹாரிஸ் நியூயார்க்கில் ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டர் என்ற இடத்தைத் தொடங்கி அங்கே வகுப்பு நடத்தினார். 1987-இல் அதை மூட வேண்டி வந்தது. இடம் போனதே தவிர வகுப்பு நிற்கவில்லை. கிடைத்த இடங்களில் எல்லாம் நடத்தினார். 1993-இல் பக்கவாதம் வந்தது. அதன் பிறகும் நடத்தினார். கொரோனா காலத்தில், தொண்ணூறு வயதைத் தாண்டியவர், இணையத்தின் வழியே பல நாட்டுப் பிள்ளைகளுக்கு நடத்தினார். அந்தக் கொரோனாவே 2021 டிசம்பர் 8 அன்று அவரைக் கொண்டுபோனது. இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 92 வயது நிறைந்திருக்கும்.

அவையோரே, உங்களுக்கும் ஒருவர் இருந்திருப்பார். பெற்றவர்களுக்கு நேரமில்லாத நாளில் உங்கள் நோட்டை வாங்கிப் பார்த்தவர், நீ இவ்வளவுதானா என்று கேட்டு உங்களைத் தூங்கவிடாமல் செய்தவர். அந்த ஆசிரியர் இன்றும் இருக்கிறார் என்றால், இன்று இரவே தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. என் ஆசிரியர் போய்விட்டார். அவர் முன்னால் நிற்கிறேன் என்று நினைத்துத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை வகுப்பறைக்கே தாருங்கள். நன்றி, வணக்கம்.