உங்கள் ஆன்லைன் கடை கூகுளில் தெரியவில்லையா? டைட்டிலில் இருந்து தொடங்குங்கள்

எல்லாருக்கும் வணக்கம். திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன், பாருங்கள். ஸ்டீல் தண்ணீர் பாட்டில் விற்கிற பக்கம். படங்கள் அருமையாக இருக்கின்றன. ஆனால் மேலே பிரவுசர் டேபில் என்ன இருக்கிறது? "தயாரிப்பு 1043 - முகப்பு". இதுதான் இந்தப் பக்கத்தின் டைட்டில். கூகுள் முடிவுகளில் பெரிய எழுத்தில் வருகிற வரி பெரும்பாலும் இங்கிருந்துதான் போகிறது. பாட்டில் தேடுகிறவர் "தயாரிப்பு 1043" என்றா டைப் செய்வார்?

சரி, மாற்றிவிடலாம். "சூடு ஆறாத ஸ்டீல் பாட்டில், 750 மில்லி". கடையின் பெயர் வேண்டுமென்றால் கடைசியில். பொருளின் பெயர் முன்னால் இருக்கட்டும், ஏனென்றால் நீளம் கூடினால் வெட்டுப்படுவது வால்பக்கம்தான். எத்தனை எழுத்து வரலாம் என்று எல்லாரும் கேட்கிறீர்கள். திரையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை வைத்துத்தான் கூகுள் வெட்டுகிறது. ஆங்கிலத்தில் 60 எழுத்து என்பது ஒரு கைக்கணக்கு. தமிழ் எழுத்துகள் அகலமானவை, இன்னும் சுருக்கமாக எழுதுங்கள்.

தயவுசெய்து ஒரே டைட்டிலை 200 பொருளுக்கும் ஒட்டாதீர்கள். எது எந்தப் பொருள் என்று தேடுகிறவருக்கும் புரியாது. கூகுளும் உங்கள் டைட்டிலை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கிற வேறு வார்த்தைகளை எடுத்துப் போட்டுவிடலாம்.

அப்புறம் மெட்டா டிஸ்கிரிப்ஷன், அதாவது தேடல் முடிவில் டைட்டிலுக்குக் கீழே வருவதற்காக நாம் எழுதுகிற சின்ன விளக்கம். இதை எழுதினால் தரவரிசை ஏறாது, அது கூகுளே சொன்னது. ஆனாலும் நான் இதற்கு நேரம் கொடுப்பேன். தேடல் முடிவில் அடுத்தடுத்துப் பத்து கடைகள் வரும்போது, எதைத் தட்டுவது என்று ஆள் முடிவு செய்வது இந்த இரண்டு வரியைப் படித்துத்தான். "சிறந்த தரம், குறைந்த விலை" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நீங்கள் மூடி கசியுமா, கார் கப் ஹோல்டரில் உட்காருமா என்று எழுதுங்கள். வாங்குகிறவர் மனதில் ஓடுகிற கேள்வி அதுதானே.

மெட்டா கீவேர்ட்ஸ், அதாவது தேடல் வார்த்தைகளைப் பட்டியலாகப் பக்கத்தின் கோடில் போடுவது? விட்டுவிடுங்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது.

விலை, ஸ்டாக், நட்சத்திர மதிப்பீடு எல்லாம் தேடல் முடிவிலேயே தெரிய வேண்டுமா? அதற்கு ப்ராடக்ட் ஸ்கீமா சேர்க்க வேண்டும், அதாவது இந்த விவரங்களைக் கூகுளுக்குப் புரிகிற வடிவில் சொல்கிற கோட். சேர்த்தால் கட்டாயம் காட்டுவார்கள் என்றில்லை, காட்டுவதற்குத் தகுதி கிடைக்கும். ஸ்கீமாவில் இருக்கிற விலையும் பக்கத்தில் இருக்கிற விலையும் ஒன்றாக இருக்கட்டும். தள்ளுபடி முடிந்த மறுநாள் இதைத்தான் மறந்துபோகிறோம். ஒரே பாட்டில் ஆறு நிறத்தில் ஆறு முகவரியில் இருந்தால், எது முதன்மைப் பக்கம் என்று கெனானிக்கல் டேகில் (அதைக் கூகுளுக்குக் காட்டுகிற கோட் வரி) சொல்லிவிடுங்கள்.

ஒன்று அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு கடையைச் சோதனைத் தளத்தில் கட்டி முடித்து வெளியிட்டோம். மூன்று வாரம் ஆகியும் கூகுளில் ஒரு பக்கம்கூட வரவில்லை. டைட்டிலை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். கடைசியில், சோதனைக்காகப் போட்ட நோஇண்டெக்ஸ் டேக், அதாவது "இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே" என்று கூகுளுக்குச் சொல்கிற வரி, அப்படியே கிடந்தது. ஒரே ஒரு வரி. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அதனால் மற்ற வேலைக்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள்.

எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்றால், சர்ச் கன்சோலில் (உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டுகிற கூகுளின் இலவசக் கருவி) பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறங்கள். இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் தெரிந்த தடவைகள்) நிறைய, கிளிக் குறைவு என்று இருக்கிற பக்கங்களை எடுங்கள். ஆட்கள் கண்ணில் பட்டும் தட்டாமல் போகிற பக்கங்கள் அவை. அதில் ஐந்துக்கு மட்டும் இன்று டைட்டில் மாற்றுங்கள், மாற்றிய தேதியைக் குறித்து வையுங்கள், அதே சர்ச் கன்சோலில் இருக்கிற யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் பக்கத்தின் முகவரியைப் போட்டு, மறுபடி இண்டெக்ஸ் செய்யச் சொல்லிக் (கூகுள் தன் பட்டியலில் புதுப்பிக்கச் சொல்லி) கேளுங்கள். கூகுள் திரும்ப வந்து படிக்கச் சில நாள் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அதுவரை அந்த ஐந்தையும் தொடாதீர்கள்.